எனக்கு நீ போட்ட படையல்

சுந்தரம்,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நீ நலமாக இருப்பதை என் கண்ணாலேயே பார்த்துவிட்டு வந்தேன். நான் நலம் என்று எழுதலாம். ஆனால் உன் வீட்டில் யாரும் நம்பமாட்டார்கள். அங்கே நான் செத்துப்போனவள். காய்ச்சலில் போனேனாம். கடைசி நேரத்தில் உன் கையைப் பிடித்துக்கொண்டு தேவாரம் பாடினேனாம். என் குரலில் தேவாரம் கேட்டால் இந்தத் துறைமுகத்தில் கட்டியிருக்கும் தொங்கான் படகுகள் எல்லாம் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடிவிடும் என்பது உனக்கே தெரியும். அதையும் கூசாமல் சொல்லியிருக்கிறாய்.

போகியன்று மலாக்காவில் உன் வீட்டு வாசலுக்கு வந்துபோன பினாங்குக்காரி யார் என்று உனக்குத் தெரியாமல் இருக்காது. அவள் வைத்துவிட்டுப் போன ஜாடியைத் திறந்த உடனே யார் கை என்று தெரிந்திருக்கும். தை முடிந்தது, மாசியும் பாதி போய்விட்டது. அம்மா வந்தாயா, ஏன் சொல்லாமல் போனாய் என்று ஒரு வரி வரும் என்று தினமும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. அதனால்தான் நான் எழுதுகிறேன். கோபத்தில் எழுதுகிறேன். கோபம் தணிந்தபின் எழுதலாம் என்று நினைத்துப் பார்த்தேன். தணிகிற வழியாக இல்லை.

உன் கல்யாணத்தையே எனக்கு நடந்து முடிந்த பிறகுதான் எழுதினாய். பெண் பெயர் தெய்வானை, மலாக்காச் செட்டி வம்சம், பல தலைமுறைக்கு முன் கப்பலேறி வந்தவர்கள், வீட்டில் மலாய் பேசுகிறார்கள், கெபாயாச் சட்டை உடுத்துகிறார்கள், ஆனால் நம் சாமிதான் கும்பிடுகிறார்கள் என்று எழுதினாய். பெண்ணின் தாத்தா சாகக் கிடந்தார், அவர் கண் மூடுவதற்குள் தாலி கட்டச் சொன்னார்கள், அதனால் உன்னை அழைக்க நேரமில்லை என்றாய். வருத்தம்தான். ஆனாலும் அவசரம் என்றால் அவசரம்தானே என்று விட்டேன். பக்கத்துக் கடை பாயிடம் சொல்லி, என் சோற்றுக்கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் ஒரு நாள் பாயசம் ஊற்றினேன். நான் வரட்டுமா என்று எழுதினால், இப்போது கடல் கொந்தளிக்கும், உன் உடம்புக்கு ஆகாது என்றாய். அடுத்த முறை, வீடு சிறியது என்றாய். அதற்கடுத்து, அலுவலகத்தில் வேலை அதிகம் என்றாய். ஒரு தாய் வராமல் இருக்கக் கடலையும் வீட்டையும் அலுவலகத்தையும் துணைக்கு அழைத்துக்கொண்டாய்.

ஆனால் அந்த ஊரைப் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதினாய். ஒல்லாந்தர் கட்டிய ஊர், அம்மா, சாயங்காலம் நடந்தால் கால் வலியே தெரியாது என்றாய். ஆற்று முகத்துவாரம், பாலம், செம்மண் நிறத்தில் பெரிய கட்டிடம், அதன் பக்கத்தில் அதே நிறத்தில் மாதாகோயில், பின்னால் குன்று, குன்றின்மேல் கூரையில்லாத பழைய கோயில், அதன் சுவரோரம் சாத்திவைத்த ஒல்லாந்தர் கல்லறைக் கற்கள். நான் அந்தக் கடிதங்களைத் திரும்பத் திரும்பப் படித்தவள். மிஷன் பள்ளியில் கற்ற எழுத்து எனக்கு அதற்குத்தான் பயன்பட்டது என்றுகூட நினைத்துக்கொண்டேன். அடுப்பில் உலை வைத்துவிட்டு உன்னோடு அந்தப் பாலத்தைத் தாண்டுவேன். ஒரு நாள் குழம்பு அடிப்பிடித்தே போய்விட்டது.

அதனால் சொல்லாமல் கிளம்பினேன். பொங்கலுக்கு முதல் நாள் போய் நின்று உன்னைத் திகைக்க வைக்கலாம் என்று ஆசை. உனக்குப் பிடித்த இறால் தொக்கு ஒரு ஜாடி, மருமகளுக்கு நம் ஊர் ஜாதிக்காய் ஊறல் ஒரு ஜாடி. பாய் கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "போய்ட்டு வாங்கக்கா, புள்ளைய கண்குளிர பாத்துட்டு வாங்க. சோத்துக்கு வர்றவன் ஒரு நாளு ரொட்டி தின்னா செத்துட மாட்டான் லா" என்று படகுத்துறை ஜெட்டிவரை வந்து மூட்டையைக் கொடுத்தார். நீ கொந்தளிக்கும் என்று எழுதிய கடல் குளத்துத் தண்ணீர் போலக் கிடந்தது. உன் பொய்களில் அதுதான் முதலில் வெளுத்தது. நான் அப்போதும் சிரித்துக்கொண்டேன், பிள்ளைக்கு நம்மேல் எவ்வளவு அக்கறை என்று.

கப்பல் தூரத்தில் நின்றது. படகில் ஏற்றி ஆற்றுக்குள் கொண்டுவந்து இறக்கினார்கள். இறங்கியதும் ஒரு மாட்டுவண்டிக்காரர், நம் ஆள், "எங்கக்கா போவணும்? ஏறுங்க, மூட்டைய குடுங்க" என்றார். "நடந்தே போறேன் தம்பி, எனக்கு வழி தெரியும்" என்றேன். அவர் சிரித்தார். "மொத தடவ வர்றீங்கன்னு மூஞ்சிலயே எழுதியிருக்கே." "மொத தடவதான். ஆனா எம்மவன் வழிய எழுதி அனுப்பியிருக்கான்" என்றேன், பெருமையாக. அந்தப் பெருமையை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நீ எழுதியபடியேதான் இருந்தது ஊர். அதை மறுக்க மாட்டேன். பாலத்தில் நின்று பார்த்தேன். ஆற்றின் இரண்டு பக்கமும் வீடுகளின் முதுகு தண்ணீரில் இறங்கி நின்றது, படிக்கட்டில் ஒரு சீனத்தி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். செங்கட்டிடத்தின் சுவர் எவ்வளவு கனம் என்று ஜன்னல் குழியில் கையை விட்டுப் பார்த்தேன், முழங்கைவரை போயிற்று. குன்றிலும் ஏறினேன், மூச்சு வாங்க. அந்தக் கல்லறைக் கற்களைத் தொட்டுப் பார்த்தேன். இளம் வயதில் செத்துப்போன ஒரு ஒல்லாந்துக்காரியின் கல்லின் முன்னால் சாயங்காலம் உட்கார்ந்திருந்தேன், மனம் கனத்துவிட்டது, கண்ணீர் வந்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அது எந்தக் கல் என்று தேடினேன். எழுத்து எனக்குப் புரியாததால் எல்லாக் கல்லுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டேன். பெயர் தெரியாத ஒருத்திக்காக, எத்தனையோ தலைமுறைக்கு முன் மண்ணாகப் போனவளுக்காக உனக்குக் கண்ணீர் வருகிறது. அடுப்படியில் உயிரோடு நிற்பவளை ஒரே வாக்கியத்தில் சாகடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாய். இதை நான் அங்கே நினைக்கவில்லை. அங்கே உன் இளகிய மனசை நினைத்து உருகினேன்.

பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடலோரத் தெரு. வாசல் குறுகல், உள்ளே முற்றத்துக்குப் பின் முற்றமாக நீண்டு பின்கட்டு கடலைப் பார்த்திருக்கும் ஒல்லாந்தர் காலத்து வீடுகள் என்று எழுதியிருந்தாய். சிறிய வீடு என்று சொன்னதும் அதைத்தான்! உனக்கு ஏற்ற வீடு அது சுந்தரம். வாசலில் நின்று பார்த்தால் உள்ளே எத்தனை அறை இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது.

உன் வாசலில் இரண்டு பெண்கள் நின்றார்கள், கதவு சாத்தியிருந்தது. ஒருத்தி வயதானவள், இன்னொருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறு ஏழு மாதம் இருக்கும். அதைக்கூட நீ எனக்கு எழுதவில்லை. சுந்தரம் வீடா என்று மலாயில் கேட்டேன். துறைமுகத்தில் சோறு போடுகிறவளுக்கு மலாய் வராமல் இருக்குமா? "ஆமாம் மாக்சிக், என் வீட்டுக்காரர்தான்" என்றாள் அந்தப் பெண். மாக்சிக் என்றால் அத்தை முறை. அவள் அறியாமலே என்னைச் சரியாகத்தான் கூப்பிட்டாள். நான் வாயைத் திறந்தேன், நான் அவன் அம்மா என்று சொல்ல. அதற்குள் அவள் உதட்டில் விரல் வைத்து, "கொஞ்சம் பொறுங்க மாக்சிக், சத்தம் போடக்கூடாது. உள்ள சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க" என்றாள்.

"யாரு சாப்பிடறாங்க?"

"போனவங்க. இன்னிக்கு போகி இல்லையா? எங்க வழக்கம். அவங்கவங்களுக்குப் பிடிச்சத சமைச்சு இலை போட்டுட்டு, கதவ சாத்திட்டு நாங்க வெளிய வந்துடுவோம். போன வருஷம் போன என் தாத்தா இருக்காரு, பாட்டன் பூட்டன் எல்லாம் இருக்காங்க. இந்த வருஷம் புதுசா என் மாமியாருக்கும் போட்டிருக்கேன். பாவம், நான் பார்க்கக் குடுத்து வைக்கல."

உன் அம்மா உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் மூட்டையோடு தெருவில் நின்றேன்.

அந்த இடத்திலேயே கூச்சல் போட்டிருப்பேன். உனக்குத் தெரியும், என் வாய்க்குக் கப்பல் கப்பித்தான்களே ஒதுங்கிப் போவார்கள். ஆனால் அந்தப் பெண்ணின் கண் கலங்கியிருந்தது, சுந்தரம். பார்க்காத மாமியாருக்காக உண்மையாகவே கலங்கியிருந்தது. பிள்ளைத்தாய்ச்சி. செத்தவர்களுக்கு இலை போட்டுவிட்டு வெளியே நிற்கிறவளிடம், நான்தான் அந்தச் செத்தவள் என்று எப்படிச் சொல்வது? விழுந்துவிட்டால்? அதனால், நான் பினாங்கிலிருந்து வருகிறேன், சுந்தரத்தைச் சின்ன வயதிலிருந்து தெரியும், ஊறுகாய் கொடுத்துவிட்டுப் போக வந்தேன் என்றேன். பொய் பேசாத எனக்கு அன்று வாய் நிறையப் பொய். நீ கொடுத்த வேலை அது.

அந்த வயதானவள், என் சம்பந்தியம்மாள், கதவைத் தட்டி, இருமி, சாப்பிட்டவர்கள் எழுந்து போக நேரம் கொடுத்துத் திறந்தாள். உள்ளே சாம்பிராணிப் புகை. வரிசையாக வாழையிலை. செத்துப்போன அந்தத் தாத்தாவின் இலையைப் பார்த்தேன்: ஆட்டுக்கறி, நண்டு, சம்பல், ஒரு சிறிய புட்டி பிராந்தி, ஓரத்தில் இரண்டு நல்ல சுருட்டு. மனிதர் வாழ்ந்தவர், அவர் வீட்டார் அவரை அப்படியே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதற்குப் பக்கத்தில் என் இலை. தயிர்ச்சாதம். வெள்ளரிக்காய். உப்பில்லாத பருப்பு. நாரத்தங்காய்த் துண்டு ஒன்று. பால் பாயசம். "மாமியார் சுத்த சைவம். மீன் வாசனை வந்தாலே சேலைய மூக்குல வச்சுக்குவாங்களாம். கோயில் தெருவுல வீடாம். வெளியவே வரமாட்டாங்களாம். பேரு காமாட்சியாம்" என்று மருமகள் பயபக்தியோடு சொன்னாள்.

காமாட்சி! என் பெயரைக்கூட விட்டுவைக்காமல் மாற்றிவிட்டாய் நீ. செத்துவிட்டாள் என்று மட்டும் சொல்லியிருந்தால், கோழை, ஏதோ பயத்தில் உளறிவிட்டான் என்று ஒருவேளை பொறுத்துக்கொண்டிருப்பேன். நீ என்னைச் சாகடித்தாய். அது போதாமல் என் இடத்தில் வேறொருத்தியைக் கொண்டுவந்து உட்கார வைத்தாய். நான் கருவாடு வறுத்தவள், மூட்டை தூக்குகிறவர்களுக்கும் படகோட்டிகளுக்கும் மீன் குழம்பு ஊற்றியவள், கடை மூடியபின் முக்காலியில் உட்கார்ந்து ஒரு சுருட்டு பற்றவைப்பவள். உன் அப்பா தொங்கானிலிருந்து விழுந்து போனபின் அந்தக் குழம்பில்தான் நீ வளர்ந்தாய், அந்தக் குழம்பில்தான் இங்கிலீஷ் படித்தாய். எந்த வேளையும் நான் மூக்கில் சேலையை வைத்துக்கொண்டதில்லை.

சம்பந்தியம்மாள் ஒரு வழக்கம் சொன்னாள். படையலன்று தூரத்திலிருந்து ஒருவர் தானாக வாசலுக்கு வந்தால், போனவர்கள் அனுப்பினார்கள் என்று அர்த்தமாம். பினாங்கிலிருந்து வந்திருப்பதால் பினாங்கு மாமியாரின் இலையை நான்தான் சாப்பிட வேண்டுமாம். உட்கார்ந்தேன். என் சாவுச் சோற்றை நானே சாப்பிட்டேன். சப்பென்று இருந்தது. தாத்தாவின் நண்டைப் பார்த்துக்கொண்டே தயிர்ச்சாதத்தை விழுங்கியது என் ஜென்மத்துக்கும் மறக்காது.

நான் கொண்டுபோன ஜாடியை அப்போதுதான் திறந்தாள் உன் மனைவி. தொக்கை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். "மாக்சிக், இது! இதத்தான் அவர் கேட்பாரு! நானும் அரைச்சு அரைச்சுப் பார்க்கறேன், ஒவ்வொரு தடவையும் வாயில வச்சுட்டு, இது இல்லன்னு தட்டத் தள்ளிடுவாரு. யாருது இந்தக் கைப்பக்குவம்னு கேட்டா, பினாங்கு துறைமுகத்துல ஒரு கடைக்காரி செய்வா, அது மாதிரி உலகத்துலேயே கிடையாதுன்னு சொல்லுவாரு." பிறகு மெதுவாகக் கேட்டாள்: "அந்தக் கடைக்காரி இன்னும் இருக்காங்களா?"

"இருக்கா" என்றேன்.

ஜாடியைத் தாத்தாவின் சுருட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள் தெய்வானை. பிரசவம் ஆனபின் அவரைக் கூட்டிக்கொண்டு பினாங்கு வருவேன், அந்தக் கடைக்காரம்மாவிடம் உட்கார்ந்து கற்றுக்கொள்வேன், இடம் சொல்லுங்கள் என்றாள். சொன்னேன். எந்த ஜெட்டி, பாய் கடைக்கு எந்தப் பக்கம், எந்த மரம் என்று தெளிவாகச் சொல்லிவிட்டு வந்தேன். பெண் பிறந்தால் காமாட்சி என்றுதான் பெயராம், மாமியார் நினைவாக. இல்லாத ஒருத்தியின் பெயரைச் சுமந்துகொண்டு என் பேத்தி பிறக்கப்போகிறாள்.

திரும்பும்போது பாலத்தில் உன்னைப் பார்த்தேன். தொப்பி, பிரம்பு, கூட ஒரு துரை. செங்கட்டிடத்தைக் கையால் காட்டி ஏதோ விளக்கிக்கொண்டே நடந்தாய். நீ எழுதுவாயே, அதே நடை. அதே வண்டிக்காரரின் மாட்டுக்கு அந்தப் பக்கம் நான் நின்றேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம். செத்தவள் நடுத்தெருவில் கூப்பிட்டால் துரைக்கு முன்னால் நீ பயந்துவிடுவாய் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், கூப்பிட்டு நீ திரும்பாமல் போயிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குப் பயமாக இருந்தது. வண்டிக்காரர் மட்டும், "என்னக்கா, மவன பாத்தீங்களா?" என்றார். "பாத்தேன்" என்றேன். பினாங்கு வந்ததும் பாயும் அதையே கேட்டார். மகன் தாங்கு தாங்கென்று தாங்கினான் என்றேன். உனக்காகச் சொன்ன பொய்களில் அதுதான் கடைசி.

இந்த இடத்தில் ஒரு தாய், நான் எங்கே தவறினேன் மகனே என்று எழுத வேண்டும் போலிருக்கிறது. எழுத மாட்டேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு நாள் கடைக்குச் சாப்பிட வந்தபோது நீ தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாய். அன்றே உன்னை இழுத்து, "இவன் எம்மவன் சார், நல்லா படிக்கிறானா?" என்று கேட்டேன். வெளியே வந்து நின்றாய். வாத்தியார் உன் தலையைத் தடவி, இன்னொரு அகப்பை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். ஒன்றும் குடி முழுகிவிடவில்லை. அன்று வரத் தெரிந்த உனக்கு இன்று ஏன் தெரியவில்லை? அந்தச் செட்டி வீட்டார் அப்படிப்பட்டவர்கள் இல்லை. பிராந்தி புட்டியைப் படையலில் வைக்கிறவர்கள் என் சுருட்டுக்காகவா உன்னைத் தள்ளிவைத்திருப்பார்கள்? நீ பயந்தது அவர்களுக்கு இல்லை. உன் தொப்பிக்கும் பிரம்புக்கும்தான்.

கல்யாணமானவனுக்குத் தாய் சொல்ல வேண்டிய புத்தியை உன் கல்யாணத்தன்று சொல்ல விடவில்லை. இப்போது கேள். பெண்டாட்டியிடம் ஒரு பொய் சொன்னால் அது ஒரு மூலையில் சும்மா கிடக்காது. அதற்கு அவள் விளக்கேற்றுவாள், இலை போடுவாள், அழுவாள், தன் பிள்ளைக்குப் பெயர் வைப்பாள். நீ தொக்குத் தட்டைத் தள்ளும்போதெல்லாம் அவள் தன் கைமேல்தான் குற்றம் என்று நினைத்துக்கொள்வாள். அந்தப் பெண் எனக்குச் செய்ததில் ஒரு குறையும் இல்லை. நீ அவளை ஏமாற்றிச் செய்ய வைத்தாய். என்னைச் சாகடித்ததைவிட எனக்கு இதுதான் எரிகிறது.

இந்தக் கடிதத்தை நீ மேசைமேலேயே போட்டுவைக்கலாம். தெய்வானைக்குத் தமிழ் எழுத்து தெரியாது என்ற தைரியம் உனக்கு இருக்கும். ஆனால் என் மலாய் அவளுக்கு நன்றாகப் புரிகிறது, அதை மறந்துவிடாதே. அவள் குழந்தையோடு ஒரு நாள் என் கடைக்கு வருவாள். நீ கூட வந்தாலும் வராவிட்டாலும் வருவாள், அந்த உறுதியை அவள் பிடியில் பார்த்தேன். அவளுக்கு நான் இலை போடுவேன், இறால் தொக்கு வைப்பேன், எப்படி அரைப்பது என்று சொல்லிக் கொடுப்பேன். இது யார் என்று அவள் உன்னைக் கேட்பாள். அதற்கு முன்னால் உன் வாயாலேயே சொல்லிவிடு. குழந்தை பிறக்கும் முன்னால் சொல். சொன்ன அன்றே எனக்குத் தந்தி கொடு. நான் கிளம்பி வந்து, அந்தக் குறுகல் வாசல் வழியாக, பிரசவம் பார்க்க, மாமியாராகவே உள்ளே வருவேன். நீ சொல்லாமல் போனால் நான் சொல்வேன். எந்தக் குரலில் சொல்வேன் என்று உனக்குத் தெரியும்.

அடுத்த போகிக்கு அந்தக் காமாட்சிக்கு இலை போடக்கூடாது. அவள் பிறக்கவே இல்லை. எனக்குத்தான் போட வேண்டும் என்றால் நான் சாகும்வரை பொறுத்திரு. அப்போது நண்டு வை, கருவாடு வை, தொக்கு வை, நல்ல சுருட்டாக இரண்டு வை. கதவைச் சாத்திவிட்டு எல்லாரோடும் வெளியே நின்று, உள்ளே சாப்பிடுவது யார் என்று தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொல். உப்புக் குறைந்திருந்தால் நானே கதவைத் திறந்துகொண்டு வந்து கேட்பேன்.

இன்றுவரை உயிரோடு இருக்கும்,
உன் அம்மா